இதுவும் ஷொப்பிங்தான்

"அப்ப இவ்வளவு காலமும் இந்தக் கடைக்குள்ளை வந்து போனது ஆர்? பேயோ?"

"அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. மாடல் என்ன சொல்லுதோ அதைத்தான் உங்ககிட்ட சொல்றேன்."

"மாடலாம் மாடல்! உம்மடை மாடலை ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும் தம்பி. சனிக்கிழமை பின்னேரம் மீன் கியூவிலை வந்து நிக்கட்டும். லூர்தம்மா முழங்கையாலை ஒரு இடி விட்டாவெண்டால் அதுக்குப் பிறகும் கதைக்குதோ பாப்பம்."

"கத்தாதீங்கண்ணா. ஆளுங்க பாக்கறாங்க."

"ஆக்கள் எங்கை? ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டுதானே உம்மடை ஒபிசிலை எழுதிக் குடுத்திருக்கினம்!"

நான் பின்னறையில் பருப்பைக் கிலோப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். பருப்புக் கரண்டி அப்படியே கையில் நின்றுவிட்டது. என் கணவர் இவர், வாடிக்கையாளரோடு குரல் உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. அதுவும் வாசுதேவனோடு. வாசுதேவன் இந்தியாக்காரர். பக்கத்துக் கட்டடத்து மேல்மாடியில் மனைவி கல்யாணியோடு இருக்கிறார். கறிவேப்பிலை வாங்க வந்து அரை மணித்தியாலம் நின்று இவரோடு பகிடி கதைத்துவிட்டுப் போகிற மனிதர்.

நான் வெளியே வந்தேன். இவர் மீன் பெட்டியின் மூடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன இது?" என்றேன்.

"கேள். இவர் சொல்லுறதை நீயே கேள். எங்கடை கடைக்கு ஒருத்தரும் வாறேல்லையாம். கம்பியூட்டர் கண்டுபிடிச்சிருக்கு."

எங்கள் கடை லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரின் ரெயில் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஆர்கேட் என்கிற பழைய கடைத்தொகுதி ஒன்றில் இருக்கிறது. அந்த ஆர்கேட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்பது போன வருடமே தெரியும். புதிய கட்டடத்தில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட் வரும், அதைச் சுற்றிச் சில சின்னக் கடைகளுக்கும் இடம் தருவார்கள் என்று கட்டடக் கம்பெனி சொல்லியிருந்தது. பழைய ஆட்களில் யாருக்கு இடம் என்பதை "எந்தக் கடை சனத்தை இழுக்குது" என்று பார்த்துத் தீர்மானிப்பார்களாம். இவருக்கு அதைக் கேட்டதும் நிம்மதி. "எங்களை விட்டா ஆர் இழுக்கிறது? லண்டன்ரை மற்றத் தொங்கல், ஹரோவிலையிருந்து வருகுது சனம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புதிய கடையில் எங்கே அரிசி மூடை, எங்கே மரக்கறி என்றுகூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

அந்தக் கணக்கைப் பார்க்கிற வேலையைக் கட்டடக் கம்பெனி கொடுத்தது வாசுதேவன் வேலை செய்கிற ஒபிசுக்கு. சனம் எந்தக் கடைக்குப் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்த ஒபிசின் தொழில். அந்தக் கம்பியூட்டர் கணக்குக்குத்தான் மாடல் என்று பெயர். முடிவு வந்துவிட்டது: எங்கள் கடை சனத்தை இழுக்கவில்லையாம். வாசுதேவன் இதை எங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது. மனது கேளாமல் வந்து சொன்னார்.

"எப்பிடித் தம்பி அது தெரியும்? கதவடியிலை நிண்டு எண்ணினவையோ?" என்று நான் கேட்டேன்.

அவர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் கல்லாவில் வைத்தார். கொஞ்சம் தள்ளி ஒரு தேசிக்காய். நடுவில் ஓர் உருளைக்கிழங்கு.

"அக்கா, இந்த உருளைக்கிழங்கு ஒரு வீடு. பூசணி பெரிய கடை. எலுமிச்சம்பழம் நம்ம கடை. பெரிசா இருந்தா ஆளை இழுக்கும். தூரமா இருந்தா அந்த இழுவை குறைஞ்சுபோகும். ஒருத்தர் எங்க போவார்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு தெருவே இருந்தா, அதுல எத்தனை வீடு எந்தக் கடைக்குப் போகும்னு ஓரளவு சொல்லிடலாம்."

"தேசிக்காய் வாங்க வாறவன் பூசணிக்காய்க்குப் பின்னாலை போவானோ?" என்றார் இவர்.

"அதுக்குத்தான் அண்ணா வீடு வீடாப் போய்க் கேக்கறோம். தமிழ் வீட்டுக்குத் தமிழ்லயே கேட்டோம். அந்தப் பதிலை வச்சுத்தான் மாடலைச் சரி பண்றது." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "யாருமே உங்க கடை பேரைச் சொல்லலை. நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

இவர் பூசணிக்காயை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கம்பியூட்டர் சொன்னதை இவர் நம்பவில்லை. ஆனால் சனம் சொன்னது என்றதும் நம்பிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து வருகிறவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். முருங்கைக்காயை நிறுத்துப் போடும்போதே, "நீங்கள் வேறை கடையளுக்கும் போறனீங்களோ?" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். இவர் சிரிக்கமாட்டார். எங்கள் சனம் ரோஷக்காரர். ஒருமுறை கேட்டால் பகிடி என்று விடுவார்கள். இரண்டாம் முறை கேட்டால் அந்தப் பக்கமே வராமல் விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெலிபோன் வந்தது. டொலறஸ். எங்கள் தெருக்காரி, கடை தொடங்கின நாளிலிருந்து வருகிறவள்.

"அக்கா, உடனை வாங்கோ. அண்ணை இஞ்சை சுப்பர்மார்க்கெட்டிலை நிண்டு என்னோடை சண்டை பிடிக்கிறார்."

கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினேன். எங்கள் சனத்தில் யார் அங்கே வாங்குகிறார்கள் என்று பார்க்கப் போயிருக்கிறார். அங்கே கண்ட காட்சியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. டொலறஸின் ட்ரொலி குறுக்கே நின்றது. அதற்குள் சவர்க்காரத் தூள், பால், ரோய்லெற் பேப்பர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையில் கொத்தமல்லித் தழை. இவர் அந்தப் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஆரிட்டை வாங்கினது? சொல்லு பிள்ளை. என்னட்டை இல்லாத மல்லியோ இது?"

"அண்ணை, கண்ணிலை பட்டுது, எடுத்தனான். உதுக்குப் போய்..."

"கண்ணிலை பட்டுதோ? ரெண்டு தண்டு! இதை மணந்து பார். மணம் இருக்கோ?"

காவலுக்கு நிற்கிற கறுப்பின இளைஞன் ஒருவன் மரியாதையாகவே இவருடைய முழங்கையைப் பிடித்தான். "கம் ஒன், அங்கிள்" என்றான். இவர் கொத்தமல்லியைப் பார்த்தபடியே அவனோடு வாசல் வரை நடந்தார். டொலறஸ் என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். யாருக்காக யார் அழுதது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு விசரே?" என்று கேட்டேன்.

"சிவனேசு, எனக்கு ஐம்பத்தைஞ்சு. இந்தக் கடை போனால் ஆர் எனக்கு வேலை தருவினம்? மீன் வெட்டத் தெரியும், மரக்கறி பாத்து எடுக்கத் தெரியும், சனத்தோடை கதைக்கத் தெரியும். இப்ப பாத்தால் அந்தச் சனமும் என்ரையில்லை."

இவர் மீன் ஓடரைக் குறைத்தார். மீன் குறைந்ததும் தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஏமாந்துபோய்த் திரும்பினார்கள். பிறகு அவர்களும் குறைந்தார்கள். மாடல் சொன்னதை நாங்களே ஒவ்வொன்றாகச் செய்து முடித்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சைவச் சனம் மீன் வாங்காது. கத்தோலிக்கர்தான் வருவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசுதேவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்தம்மா பாரை மீனைச் செதிள் நீக்கி, துண்டு போடச் சொல்லி, தலையைத் தனியாகக் கட்டச் சொல்லி, கையில் இரண்டு பையோடு நின்றா. அறுபது வயது தாண்டின மனுசி. அவ வராத நாள் கடைக்கு லீவு நாள் மாதிரி இருக்கும்.

வாசுதேவன் அவவிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மா, உங்க வீட்டுக்கும் ஒரு பொண்ணு வந்து கேள்வி கேட்டாங்களா, கடைகளைப் பத்தி?"

"ஓம் மோனை, வந்தவ. நல்ல பிள்ளை. தேத்தண்ணி குடுத்தனான்."

"என்ன கேட்டாங்க?"

"ஷொப்பிங் எங்கை செய்யிறனீங்கள் எண்டு கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஷொப்பிங் எல்லாம் பெரிய கடையிலைதான் எண்டனான். சனிக்கிழமை காலமையிலை மகள் காரிலை கூட்டிக்கொண்டு போவா."

இவர் கத்தியைக் கீழே வைத்தார். "லூர்தம்மா! நீங்களுமோ?"

"என்ன நீங்களும்?"

வாசுதேவன் கையைக் காட்டி இவரை நிறுத்தினார். "அம்மா, இங்க தினமும் வர்றீங்களே. இங்க ஷாப்பிங் பண்றதில்லையா?"

"இஞ்சையோ? இஞ்சை ஆர் மோனை ஷொப்பிங் செய்யிறது?"

"அப்ப கையில இருக்கறது என்ன?"

லூர்தம்மா தன் கையைப் பார்த்தா. வாசுதேவனைப் பார்த்தா. இந்தப் பெடியனுக்கு மூளை சரியில்லையோ என்கிற மாதிரி ஒரு பார்வை.

"இது மீன்" என்றா.

வாசுதேவன் ஓர் அடி கிட்ட வந்தார்.

"வீட்டிலயிருந்து கிளம்பும்போது என்னன்னு சொல்லிட்டுக் கிளம்புவீங்க?" என்று வாசுதேவன் கேட்டார்.

"அண்ணையிட்டைப் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவன். வேறை என்னெண்டு சொல்லுறது?"

வாசுதேவன் அரிசி மூடையில் இருந்துவிட்டார். அந்தத் தமிழ்க் கேள்வியைச் சரிபார்த்துக் கொடுத்ததே தான்தான் என்றார். வீடுகளுக்குப் போன பிள்ளை கூலிக்கு எடுத்த வெளியாள்; ஒபிசுக்குள் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவர். எல்லோருக்கும் விளங்குகிற சொல் என்று நினைத்து ஷொப்பிங் என்பதை அப்படியே விட்டாராம்.

"எங்க வீட்ல கல்யாணிகிட்டயே நான் கேக்கலையே அக்கா. ஷாப்பிங்னா அவளுக்குப் புடவை எடுக்கறது. உங்க கடைக்கு வர்றப்போ கீழ போயிட்டு வரேன்னுதான் சொல்லுவா. கீழ! உங்க கடைக்கு எங்க வீட்ல பேர் அதுதான்."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. எங்கள் சனத்துக்கு ஷொப்பிங் என்றால் கார், ட்ரொலி, சவர்க்காரத் தூள். அரிசியும் மீனும் கத்தரிக்காயும் ஷொப்பிங் இல்லை. அது சாப்பாடு. எங்களைச் சனம் மறக்கவில்லை. எங்களைக் கடையாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். இவர் லூர்தம்மாவின் பையில் இன்னொரு துண்டு மீனைப் போட்டார்.

"என்னத்துக்கு?" என்றா அவ.

"சும்மா கொண்டு போங்கோ."

அடுத்த நாள் காலை கல்லாவுக்கு மேலே இவர் ஒரு மட்டை கட்டித் தொங்கவிட்டார். கொட்டை எழுத்தில்: இதுவும் ஷொப்பிங்தான். வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். "இனி வீட்டிலை இறங்கேக்கை ஷொப்பிங் போறன் எண்டு சொல்லுங்கோ. ஆரும் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ." சனம் சிரித்தது. "சரி அண்ணை, அரை றாத்தல் ஷொப்பிங் தாங்கோ" என்று ஒருத்தி கேட்டாள். ஹரோவிலிருந்து ரெயின் மாறி வருகிற அம்பலவாணன் மாஸ்ரர், "முந்தி ஒருநாள் காரிலை வந்து பார்க்கிங்கிலை பார்க்கிங் கிடைக்காமல் திரும்பிப் போனனான். அதையும் ஷொப்பிங்கிலை சேர்க்கலாமோ?" என்றார். கனநாளுக்குப் பிறகு இவரும் சிரித்தார். டொலறஸ் மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமைதான் இருந்தது. வாசுதேவன் ஒபிசில் பேசிப் பார்த்தார். கேள்வியில் ஒரு சொல் பிழை என்று ஒத்துக்கொண்டால் அந்தக் கணக்கு முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும், வேலை முடிந்து கொடுத்தாயிற்று, இனித் தொடமுடியாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அதற்குமேல் சண்டை பிடிக்க வாசுதேவனால் ஏலாது. அவருடைய வேலை விசா நீடிப்பு குரோய்டன் குடிவரவு ஒபிசில் கிடக்கிறது. ஒபிஸ் கைவிட்டால் அவரும் கல்யாணியும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

ஆனாலும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. கட்டடக் கம்பெனிப் பெண்மணியிடம் நானும் இவரும் நேரே போய்க் கதைக்க வழி சொல்லித் தந்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டா. மீன் கதையைக் கேட்டுச் சிரித்தா. கடைசியில், மாத முடிவில் கூட்டம் இருக்கிறது, அதற்குமுன் வாடிக்கையாளர்கள் தாங்களே எழுதித் தந்தால் அதையும் வைத்துப் பார்ப்போம் என்றா. என்ன வாங்குகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான் வேண்டுமாம்.

நாங்கள் எல்லோரிடமும் கேட்டோம். எல்லோரும் "கட்டாயம் எழுதித் தாறம்" என்றார்கள். மரியநாயகி மட்டும் என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. விலாசம், போஸ்ட்கோட் எல்லாம் எழுதினால் அது சுத்திச் சுத்திக் குரோய்டனுக்குப் போகாதோ?"

"குரோய்டனுக்கும் இந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை பிள்ளை."

"உங்களுக்கு வடிவாய்த் தெரியுமோ?"

எனக்கு வடிவாய்த் தெரியாது. அவளைப்போலப் பலர் இருக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்தவில்லை.

எழுதித் தந்தவர்களும் இருந்தார்கள். வாசுதேவன் ஆசையாக வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் விழுந்தது.

"என்ன தம்பி?" என்றார் இவர்.

"அண்ணா, எல்லாரும் நீங்க நல்லவர்னு எழுதியிருக்காங்க."

உண்மைதான். இவரைப் பற்றி எல்லாக் கடிதத்திலும் ஒரே வரிகள்: திரு. குலசேகரத்தை எனக்கு நீண்டகாலமாகத் தெரியும், அவர் நன்னடத்தை உள்ளவர், சட்டத்தை மதிப்பவர், இந்த நாட்டுக்குப் பாரமாக இருக்கமாட்டார். லூர்தம்மா மகளைக் கொண்டு எழுதுவித்ததும் அப்படித்தான். நாங்கள் இங்கே வந்து இங்கிலீசில் எழுதப் பழகினதெல்லாம் ஒருவருக்கொருவர் குரோய்டனுக்குக் கொடுக்கிற நற்சான்று மட்டும்தானே. கை தானாக அதையே எழுதிவிட்டது. அம்பலவாணன் மாஸ்ரர் இவருடைய தமிழ்ப்பணி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஹரோவிலிருந்து ரெயின் மாறி மீனுக்காக வருகிறேன் என்று ஒரு வரி இல்லை.

"அவரோட அந்த ஒரு வரி இருந்தா மாடலையே ஆட்டிடலாம் அண்ணா" என்றார் வாசுதேவன். "அவ்வளவு தூரத்துலயிருந்து சின்னக் கடைக்கு யாரும் வரமாட்டாங்கன்னுதான் அது சொல்லுது."

இவர் அன்று மீன்காரன் ரெலிபோனில் ஓடர் கேட்டபோது, "பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். மட்டையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தார். இப்போது அந்த மூலையில் போய் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்புகிறார். டொலறஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிறார், வாசல் வரை போய்த் திரும்பி வருகிறார். எனக்கு இனிக் கேட்க ஆட்கள் இல்லை. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் எழுத இடம் கேட்டு வாங்கினேன். கூட்டம் மாத முடிவில்.

எங்கள் கடைக்கு எப்போதாவது வந்திருக்கிறீர்களா? அப்படியானால் இவர் நல்லவர் என்று தயவுசெய்து எழுதவேண்டாம். அது எனக்குத் தெரியும். என்ன வாங்கினீர்கள், எந்த இடத்திலிருந்து வந்தீர்கள், பஸ்ஸா ரெயினா காரா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவீர்கள் என்று எழுதுங்கள். இந்தக் கடை இல்லாமல் போனால் அதையெல்லாம் எங்கே போய் வாங்குவீர்கள் என்றும் எழுதுங்கள். விலாசம் போடப் பயமென்றால் ஊரின் பெயரை மட்டும் போடுங்கள். தமிழில் எழுதினாலும் போதும், வாசுதேவன் மொழிபெயர்த்துத் தருவார். டொலறஸ், நீ இதை வாசித்தால் நீயும் எழுது பிள்ளை, கொத்தமல்லி பற்றியும் எழுது.

வீட்டிலிருந்து இறங்கும்போது எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குவீர்கள்? அந்தச் சொல்லையும் அப்படியே எழுதி, மாதம் முடிய முன்னர் எனக்கு அனுப்புவீர்களா?